நடுங்கும் கையில் நீலத் தேனீ

அஜிதாவின் வலது கை நடுங்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. கரமனை ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் முழங்கை எலும்பு முறிந்து, நரம்பிலும் அடி. எலும்பு கூடிவிட்டது, நடுக்கம் மட்டும் போகவில்லை. பதினோரு வருடம் கல்யாணங்களைப் படமெடுத்தவளை, தம்பானூர் ஸ்டுடியோவின் மலையாளி முதலாளி சஜி ஆல்பம் தயாரிக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்.

"கை ஷேக் ஆகுதல்லே சேச்சி, படம் கலங்கிப் போகும்" என்றார். அதில் பொய் இல்லை என்பதுதான் அவளை வாட்டியது.

ஒரு விடுமுறைக் காலையில் மொட்டைமாடித் துளசிப் பூவுக்கு ஒரு தேனீ வந்தது. கறுத்த வயிற்றில் நீலப் பட்டைகள். எந்தப் பூவிலும் இரண்டு நொடி நிற்கவில்லை. அஜிதா தன் கேமராவை எடுத்துவந்தாள். முப்பது படம் எடுத்தாள், முப்பதும் நீலக் கறை.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கணவன் இசக்கி எட்டிப் பார்த்தான். "விடு. அது பறக்குத பறப்புக்கு யாரு எடுத்தாலும் இப்படித்தான் வரும்."

தேனீயும் ஆடுகிறது, கையும் ஆடுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதானே என்று அவளுக்குத் தோன்றியது.

ஷட்டரை நொடியில் இருநூறில் ஒரு பங்குக்கு வைத்தாள். வெளிச்சம் அதிகம் புகாதபடி அப்பெர்ச்சர் பதினொன்று, ஐ.எஸ்.ஓ. நூறு. ஃப்ளாஷ் போடாமல் எடுத்த படம், மேகம் மூடிய அந்தக் காலையில், கிட்டத்தட்ட கறுப்பாக வந்தது. அவளுக்கு வேண்டியது அதுதான். இனி ஃப்ளாஷ் மின்னும் நேரம் மட்டுமே படத்தில் பதியும். ஃப்ளாஷின் சக்தியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாள். அப்போது அது மின்னுவது நொடியில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் கை எவ்வளவுதான் நடுங்கிவிடும்?

தேனீ தெளிந்தது. ஆனால் பூக்கள் வெந்த சோறுபோல வெளுத்தன. ஃப்ளாஷுக்கு முன்னால் பட்டர் பேப்பரை வளைத்துக் கட்டினாள். வெளிச்சம் மெத்தென்று விழுந்தது. ஃபோகஸைத் தொடாமல், உடம்பையே முன்னும் பின்னும் சாய்த்து, தேனீயின் கண் தெளியும் கணத்தில் அமுக்கினாள். நாற்பது படத்துக்கு மூன்று தேறின.

நான்காம் நாள் வந்த படத்தில் காலில் ஒட்டிய மகரந்தம் பொடிப்பொடியாகத் தெரிந்தது. இறக்கையின் நரம்புகளை எண்ணலாம்.

ஸ்டுடியோவில் சஜி அதைத் திரையில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "ட்ரைபாட் ஸ்டாண்டு வெச்சதா சேச்சி?"

"கையிலதான். இந்தக் கையிலதான்."

"ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கால்ல ஒரு மண்டபத்துல கல்யாணம். வரலாமோ?"

"வாறேன். ஃப்ளாஷ் ரெண்டு வேணும். லைட்டு நான் சொல்லுத இடத்துல நிக்கணும்."

"ஆயிக்கோட்டே, அப்படியே ஆகட்டும்" என்றார் சஜி.

முகூர்த்தத்தில் தாலி கட்டிய மாப்பிள்ளையின் விரல்கள் அவள் கையைவிட மோசமாக உதறின. படத்தில் மஞ்சள் சரடு இழை இழையாக நின்றது. அன்று மாலையே சஜி அடுத்த மாதத்தின் ஏழு கல்யாணங்களுக்கும் நேராக அஜிதாவின் பெயரை எழுதினார். ஆல்பம் வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னாள் அவள்.