கம்பியில் தட்டும் சாவி

காசாபிளாங்காவின் பழைய மீன் கிடங்கில் ஹஜரின் பங்க் ராக் குழு பாடுகிறதென்றால் இப்போதெல்லாம் உள்ளே நிற்க இடமில்லை. ரேடியோக்காரர்கள்கூட வந்து பேட்டி எடுத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் காத்திருப்பது ஒரே பாட்டுக்குத்தான். டிரம்ஸ் வாசிக்கும் இல்யாஸ் இரும்புக் கம்பியை டக் டக்கென்று தட்டுவான். ஹஜர், "டி-டி-டிக்கெட்!" என்று அலறுவாள். மொத்தக் கூட்டமும் திக்கித் திக்கிக் கத்திக்கொண்டு குதிக்கும்.

அவள் அப்பாவின் பெயர் பூஷைப்; பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். வேலையில் வாயே திறக்க மாட்டார். சாவியால் கம்பியைத் தட்டிவிட்டுக் கையை நீட்டுவார், அவ்வளவுதான். வீட்டுக்குள் வந்தால் மட்டும் திக்கினாலும் சரியென்று பேசித் தள்ளுவார்.

அன்று தொப்பியைக்கூடக் கழற்றாமல் சாப்பிட உட்கார்ந்தார்.

"நான் கம்பியைத் த-தட்டினதும் பஸ்ஸே பாடுது, கண்ணு. டி-டி-டிக்கெட்டாம். ஏதோ புதுப் பாட்டாம்."

"பொறுக்கிப் பசங்க! விடுப்பா," என்றாள் ஹஜர்.

"பாடட்டும். ஆனா எனக்குத் தி-திக்கும்னு வெளியில ஒருத்தனுக்கும் தெ-தெரியாதே."

அவள் நிமிரவில்லை. அப்பாவின் திக்கல் தாளத்துக்கு அத்தனை கச்சிதமாகப் பொருந்தித் தொலைத்தது, பாவி, பாடிவிட்டாள். ஊர் வாய்க்குப் போனதை இனி எப்படித் திரும்ப வாங்குவது?

அப்பாவின் கிண்ணம் காலியாகியிருந்தது. "இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமாப்பா?"

எப்போதும் 'ஊ-ஊத்து, கஞ்சப் பிசினாறி!' என்று வம்பிழுப்பவர், வாயைத் திறக்கவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்தார். கிண்ணத்தின் விளிம்பில் டக் டக்கென்று தட்டிவிட்டு, கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.