முதல் வாய் எதிரில் இருப்பவருக்கு

ஜீவராணி பெய்ரூத்தில் வீட்டு வேலை முடித்து, மலையகத்து டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி ஐந்து மாதமாகிவிட்டது. மகள் நிலக்ஷி இன்னும் அவள் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஏழு வயதில் விட்டுப்போன பிள்ளைக்கு இப்போது பதினைந்து. லயம் என்னும் வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் அத்தை ராக்காயியிடம் சாப்பிட்டுவிட்டு, தூங்க மட்டும் வருவாள். பிள்ளைமேல் குற்றமில்லை. வளர்த்த கைப்பக்கம்தானே வயிறு போகும்? அது தெரிந்தும் ஜீவராணிக்கு மனசு ஆறவில்லை.

ஒரு மழை நாளில் நிலக்ஷி தானாகக் கேட்டாள்.

"அங்க என்னாதான் சாப்பிட்டீங்க?"

கேட்டதே போதும் என்று ஜீவராணி பிடித்துக்கொண்டாள். வேலை செய்த வீட்டில் மிச்சம் மீதிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீவு. ஊரார் பாத்திரம் கழுவ வந்த பெண்களெல்லாம் கூடும் தெரு ஒன்று இருந்தது. அங்கே வங்காளதேசத்துக்காரரின் கடுகு மீன் மூக்கில் போய் ஏறும். பிலிப்பைன்ஸ் அக்காவின் புளிச் சூப், ரசத்துக்கு இறாலைக் கட்டிவைத்த மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் எத்தியோப்பியாக்காரி அல்மாஸின் கடை. நாலே நாலு மேசை. சுளகு அகலத்தில் புளித்த தோசை, அதன்மேல் காரப் பருப்பு, கோழி, கீரை. அந்தச் சின்ன அடுப்பங்கரையில் ஒற்றை ஆளாய் நின்று அத்தனை பேர் பசியையும் ஆற்றினாளே, அந்தக் கையைக் கும்பிடத்தான் வேண்டும்.

"எல்லாரும் ஒரே தட்டுலதான் சாப்பிடுவோம். மொத வாய நம்ம வாயில வைக்கக்கூடாது, எதிர்ல இருக்கவங்களுக்கு ஊட்டணும். அல்மாஸ் கடையில அதான் சட்டம்."

"எச்சி இல்லையா?"

"எனக்கு அவதான் ஊட்டுனா. அழுதுட்டேன்."

நிலக்ஷி, "செஞ்சு காட்டுங்க பாப்பம்" என்றாள்.

அந்தத் தோசைக்காக ஜீவராணி குரக்கன், அதாவது கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்தாள். டிக்கோயாக் குளிரில் மாவு புளிக்குமா? இரண்டு நாளாகியும் அசையாமல் கிடந்தது. இவள் முகம் விழுந்துபோனது. நிலக்ஷிதான் தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சட்டியில் சுற்றி அடுப்போரம் வைத்தாள். மூன்றாம் நாள் மாவு பொங்கி, புளித்த வாடை லயம் முழுக்கப் பரவியது. ராக்காயி எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினாள்.

"என்னாடி இது நாத்தம்?"

"நாத்தமில்ல அத்தை, எத்தியோப்பியா!"

மத்தியானம் பெரிய தட்டு நிறையத் தோசை, நடுவில் மிளகாய் போட்டுச் சிவக்க வதக்கிய மைசூர்ப் பருப்பு. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜீவராணி ஒரு துண்டைப் பிய்த்தாள். கை பாதி தூரம் போனது. வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டால்? பயந்துபோய்த் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

"சட்டத்த மீறிட்டீங்க," என்றாள் நிலக்ஷி. ஒரு துண்டைப் பருப்பில் தோய்த்து நீட்டினாள். "வாயத் தெறங்கம்மா."

ஜீவராணிக்கு மெல்லவே முடியவில்லை. கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது.

"காரமா?"

"ஆமா, காரந்தான்."

"பொய்யி. சரி, இப்ப எனக்கு."

மகள் வாயைத் திறந்து காத்திருந்தாள். ஜீவராணி பெரிய துண்டாகப் பிய்த்து ஊட்டினாள். அதை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு நிலக்ஷி சொன்னாள்:

"ராவைக்கு எனக்குச் சோறு வைக்க வேணாம்னு அத்தைகிட்ட சொல்லிருங்க."