அவுரித் தாழி

"கைய முந்தானைக்குள்ள மறைச்சுக்கடி, சங்கத்துக்காரி வாரா!" என்று மாமியார் சீறினாள்.

முத்துப்பேச்சி மறைத்துக்கொண்டாள். முழங்கைவரை நீலம் ஏறிய கைகள். சின்னாளபட்டிச் சந்து வீட்டுக் கொல்லையில் அவுரிச் சாயத் தாழியைப் பிள்ளைபோல வளர்த்தவை அவைதான். சாயம் நொதிக்கத் தகரை விதையை வேகவைத்து ஊற்றுவாள், சுண்ணாம்புத் தண்ணீர் சேர்ப்பாள், விடிந்ததும் கலக்கிவிடுவாள். சாயம் நுரைகட்டி உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் தாலியறுத்தவள் கை பட்ட நூல் என்று தெரிந்தால் சேலையை எவள் வாங்குவாள்? அதனால் ஊருக்குக் காட்ட இளைய மருமகள் கௌசல்யா. நெற்றி நிறையக் குங்குமம், கையில் ஒரு சொட்டு நீலம் கிடையாது. நல்ல கூத்து!

முத்துப்பேச்சியின் புருஷன் சிவபிரகாஷ் செத்தது ரசாயனச் சாயப் பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள். சுத்தம் செய்ய இறங்கியவனை விஷவாயு அடித்துப்போட்டது. முதலாளி வாயைத் திறக்கவில்லை, ஊர்தான் திறந்தது: "பொண்டாட்டி ராசி!" பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கொல்லைக் கிணற்றில் இன்றைக்கும் பட்டறைக் கழிவு கலந்த செந்தண்ணீர்தான் ஊறுகிறது. எட்டிப் பார்த்தால் அவன் அடியில் நிற்பதுபோல் இருக்கும். தாழியில் குமிழி வெடித்தாலும் அவன் மூச்சுக்குத் தவிப்பதாகவே அவளுக்குக் கேட்கும். பயந்துகொண்டேதான் கலக்குவாள். ஆனாலும் விடவில்லை. கௌசல்யாவின் புருஷன் பழனிக்குமார் இன்னும் அதே பட்டறைக்குத்தான் போகிறான். இன்று சாயம் பிடித்தால் நெசவாளர் சங்கம் வருஷம் முழுக்க வீட்டிலேயே வேலை தரும். அவனாவது தொட்டியில் இறங்காமல் பிழைப்பான்.

சங்கத்து மரியசெல்வி வந்தாள். தெருப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். கௌசல்யா நூல் சிட்டத்தை முக்கி எடுத்தாள். காற்றுப் பட்டதும் பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டிய நூல், கழுவின தண்ணீரில் நனைத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"சாயம் செத்துப்போச்சேங்க," என்றாள் மரியசெல்வி.

மறைக்கச் சொன்னதெல்லாம் மாமியாருக்கு மறந்துபோயிற்று. மாரில் அடித்துக்கொண்டாள். "எம்மகன முழுங்குன கை! இதையும் முழுங்கிருச்சே, படுபாவி!"

நிஜமாகவே தன் கைதானோ? ஒரு கணம் முத்துப்பேச்சியே நம்பிவிட்டாள், பாவி மகள். பிறகு முந்தானையை உதறிவிட்டு நீலக் கையைத் தாழியின் அடிவரை விட்டுத் துழாவினாள். குங்குமம் அப்பிய எலுமிச்சம்பழ மூடிகள், பிழிந்து போட்டவை, ஒவ்வொன்றாக வந்தன.

"இத யாரு போட்டது?"

கௌசல்யாதான் மெல்லச் சொன்னாள். "அத்தைதான்க்கா. உங்க கைத் தோசம் கழியணும்னு காலையில திருஷ்டி சுத்திப் பிழிஞ்சு விட்டாங்க."

"அய்யய்யோ! புளிப்புப் பட்டா அவுரி தாங்காதேம்மா," என்றாள் மரியசெல்வி.

முத்துப்பேச்சி மூடிகளை மாமியாரின் காலடியில் வைத்தாள். "அத்தே, இதக் கொன்னது என் கையில்ல. அவரக் கொன்னதும் என் கையில்ல."

பழனிக்குமார் அன்றும் பட்டறைக்குப் போயிருந்தான். கௌசல்யா வளையலை மேலே ஏற்றிவிட்டுத் தாழியைக் கழுவ உட்கார்ந்தாள். முத்துப்பேச்சி தகரை விதையை மறுபடியும் அடுப்பில் ஏற்றினாள்.

"புதுச் சாயம் பாக்க வாரப்ப யாரக் கேட்டு வரட்டும்?" என்றாள் மரியசெல்வி.

"முத்துப்பேச்சின்னு கேளுங்க. தெரியலன்னா தாலியறுத்தவள்னு கேளுங்க, தெருவே கை காட்டும்."