பின்னால் கதிரையில் இருப்பவள்

1

இந்தக் கதையை நான் பஸ்ஸில் எடுத்தேன். பேராதனையில் சனம் இறங்கி ஏறிய நெரிசலில், பக்கத்து சீட்டில் இருந்தவள் தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு சடங்கு வீட்டில் ஒரு சின்னப் பெண் மைக்கைப் பிடித்துப் பாடுகிறாள். பக்கத்து சீட்டுக்காரி காதில் வயர் மாட்டியிருந்ததால் பாட்டு எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பாடுகிறவளையே பார்த்திருப்பேன். கேட்காததால் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே அலங்கரித்த பெரிய கதிரையில், நகையும் பூவுமாக இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சடங்கு அவளுக்குத்தான். கமெரா அவளை ஒரு தடவைகூடத் தெளிவாகக் காட்டவில்லை.

இருவரும் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. இனி வருவதெல்லாம் நான் வைத்த பெயர்கள், நான் கட்டிய வீடுகள்.

2

முதல் தொடக்கம்: 'யசோ முதன்முதலாகப் பாடியபோது நாவலப்பிட்டியே'

இது பாடுகிறவளுடைய கதை. அவளுக்குக் கதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது: 'சுதர்சினிக்குப் பொறாமை என்றால் என்னவென்றே'

பொய். அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது: 'சுதர்சினியின் கல்யாணத்துக்கு யசோ வரக்கூடாது.'

இது இருக்கட்டும்.

3

சுதர்சினிக்குப் பதின்மூன்று வயதில் நாவலப்பிட்டியில் மண்டபம் எடுத்துப் பூப்புச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர்த்தட்டுகள் உள்ளே வரும் நேரம் பார்த்து மண்டபத்துப் பாட்டு நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் சித்தி மகள் யசோதினி, ஒரு வயது இளையவள், அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கை வாங்கிப் பாடினாள். அக்காவைச் சந்தோஷப்படுத்தத்தான் பாடினாள். (இதை நான் நம்புகிறேன். சுதர்சினி நம்பவில்லை.) வீடியோக்காரர் கமெராவை அவள் பக்கம் திருப்பினார். பிறகு கதிரைப் பக்கம் கொண்டுவரவே இல்லை.

அந்த வீடியோத் துண்டு நாடு சுற்றியது. பதினான்கு வயதில் யசோதினி 'யசோ' ஆனாள். கொழும்பில் ஒருவர் அவளுக்கென்றே பாட்டுக் கட்டி வீடியோ எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைப் போல முன்முடி வெட்டிக்கொண்டார்கள். கண்டியில் கடை திறப்பு என்றால் யசோ, வருடப் பிறப்பு நிகழ்ச்சி என்றால் யசோ. பத்தொன்பதில் சென்னைக்குப் போனாள். முதலில் நாயகிக்குத் தோழி, பிறகு நாயகி. எந்தப் பேட்டியானாலும் அந்தத் துண்டைப் போட்டுத்தான் தொடங்குவார்கள். "ஒரு வீட்டு விசேஷத்துல சும்மா பாடினேன்" என்று யசோ சிரிப்பாள். யார் வீட்டு விசேஷம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

துண்டுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்: 'பின்னால இருக்கிறது பொம்மையா?' *

* சுதர்சினி இன்னும் அந்த வரியைத் தேடிப் போய்ப் பார்ப்பாள், அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள் கூடியிருக்கின்றனவா என்று. கூடித்தான் இருக்கும்.

நாயகியாக நடித்த படத்தில் யசோவின் பாட்டுகளை வேறொருத்தி பாடியிருந்தாள். யசோவுடைய குரல் சின்னப்பிள்ளைக் குரல், முகத்தோடு சேரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். செய்தி வந்த அன்று சுதர்சினி தானாகவே யசோவின் அம்மா புஷ்பம் சித்திக்குப் போன் கோல் எடுத்தாள்.

"பாவம் சித்தி, அவ்வளவு நல்லாப் பாடுற பிள்ளைய இப்புடிப் பண்ணிட்டாங்களே."

பொறாமை ஆறுதல் சொல்ல வந்தால் குரலில் தேன் வடியும். சித்தி அழுதாள். சுதர்சினி இன்னும் கொஞ்சம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

(இந்தப் பத்தியை எழுதும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏனென்று கேட்காதீர்கள்.)

4

இப்போது சுதர்சினிக்குக் கல்யாணம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஃபார்மசியில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை சுதேஷ், கடுகண்ணாவையில் டயர் கடை வைத்திருக்கிறான். பெண் பார்க்க வந்த அன்று அவன் வீட்டார் முதலில் கேட்ட கேள்வி, "யசோவுக்கு நீங்க சொந்த அக்கா முறையா?" அதன் பிறகுதான் தேநீரைக் கையில் எடுத்தார்கள். சுதேஷும் கதைக்கும்போதெல்லாம், "அவங்களக் கூப்பிட்டாச்சா? கூட்டாளிமார் கேட்டுக்கிட்டே இருக்கானுங்க" என்கிறான்.

ஆகவே அவளுக்கு ஒரு நாள் வேண்டும். ஒரே ஒரு நாள், மண்டபம் நிறைந்த கண்கள் அவள் மேல் இருக்கவேண்டும். சுதேஷின் கண்களாவது.

யசோ படத்தைப் பற்றிப் பேசக் கண்டிக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் அம்மா பரிமளம் தாம்பாளத்தைத் துலக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஹோட்டல்லயே போய்ப் பாக்கு வச்சிட்டு வந்துருவோம்."

"கார்ட வட்ஸ்அப்ல அனுப்புனாப் போதும்மா. அவளுக்கு வேலை இருக்கும்."

"என்னாடி பேசுற? கூடப் பொறந்தவ மகளுக்குப் போன்ல கார்டு அனுப்புறதா? வராதேன்னு சொல்றதும் அதுவும் ஒண்ணுதான்."

ஒன்றுதான் என்பது சுதர்சினிக்கும் தெரியும். வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்து நேரில் அழைக்காத வீட்டுக்கு நெருங்கிய சொந்தம் வராது. ஆனால் அதை யாரும் குற்றமாக எடுத்துச் சொல்லவும் முடியாது. 'அனுப்பினோமே, பார்க்கலயா?' என்று கேட்டுவிடலாம். இவ்வளவு மெல்லிய கத்தி எங்கள் சொந்தபந்தத்தில் மட்டும்தான் கிடைக்கும். அவள் பெருவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேல் நின்றது.

அழுத்தவிட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். பரிமளம் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை வீட்டுல அவளத்தானேம்மா கேக்குறாங்க" என்றாள் சுதர்சினி.

"பெருமதானடி உனக்கு!"

5

யசோவை எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் பிரதியில் அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். பெரியம்மாவின் பெயரை மறக்க வைத்தேன். தாம்பாளத்தை மேக்கப் பெண்ணின் கையில் கொடுக்க வைத்தேன். சுதர்சினி மகிழ்ந்திருப்பாள். ஆனால் யசோ கெட்டவளானால் சுதர்சினியின் பொறாமைக்கு நியாயம் கிடைத்துவிடும். நியாயம் கிடைத்துவிட்டால் அதற்குப் பெயர் வழக்கு. நான் வழக்கு எழுத வரவில்லை.

ஆகவே, வாவிக்கரை ஹோட்டலில் யசோ செருப்பில்லாமல் ஓடிவந்து கதவைத் திறக்கிறாள்.

"பெரியம்மா! மாசிச் சம்பல் கொண்டாந்தீங்களா?"

"பாக்கு வைக்க வந்தா சம்பல் கேக்குற கழுத!" என்று பரிமளம் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். யசோ தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு பிழையும் இல்லை. சுதர்சினி தேடித்தேடிப் பார்த்தாள்.

(கவனியுங்கள், நல்ல அசைவுகளையெல்லாம் யசோவுக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீடியோக்காரரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?)

பரிமளம் வாவியைப் பார்க்கப் பல்கனிக்குப் போனாள். யசோ குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நான் கல்யாணத்துக்கு வரல."

இதைக் கேட்கத்தான் சுதர்சினி இத்தனை நாள் நேர்ந்துகொண்டிருந்தாள்.

"ஷூட்டிங்கா?"

"இல்லக்கா, சும்மாதான் இருக்கேன். நான் வந்தா எல்லாரும் போனத் தூக்கிக்கிட்டு என் பின்னாலதான் வருவாங்க. அது உங்க நாளு. பெரியம்மாகிட்ட ஷூட்டிங்னு சொல்லிக்கிறேன்."

சுதர்சினிக்கு முகம் எரிந்தது. அவள் மனதில் மூடி வைத்திருந்ததை யசோ அப்படியே எடுத்து, தூசி தட்டி, பரிசாக நீட்டுகிறாள். தன் நாளைக்கூட இவள் கையால்தான் வாங்கவேண்டுமா?

"அப்ப, நீ வந்தா என்னைய ஒருத்தரும் பாக்க மாட்டாங்கங்குற."

"ஐயோ, அப்புடிச் சொல்லலக்கா."

"நீ வரணும். கட்டாயம் வரணும். முன் வரிசையில உக்காரணும். மேக்கப் போட்டு, உன்கிட்ட இருக்கிறதுலயே நல்ல சாரியக் கட்டிக்கிட்டு வா."

"அக்கா..."

"பாட்டும் பாடணும். வராம மட்டும் இருந்து பாரு."

"என்னாடி சத்தம் அங்க?" பல்கனியிலிருந்து பரிமளம்.

"ஒண்ணுமில்லம்மா. வாறேங்குறா."

கதாபாத்திரம் கையை மீறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான்தான் இப்படி எழுதினேன். யாராவது எனக்காக விட்டுக்கொடுத்தால் நானும் இதைத்தான் செய்வேன்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

மழை. கடுகண்ணாவையில் மண் சரிந்து கொழும்பு ரோடு மூடப்படுகிறது, யசோவால் வரமுடியவில்லை. மாப்பிள்ளையும் கடுகண்ணாவைக்காரன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

யசோ வந்து பாடுகிறாள். நடுவில் குரல் உடைகிறது. சனம் பரிதாபப்படுகிறது. இதை ஒரே மூச்சில், மிகுந்த உற்சாகத்தோடு எழுதினேன். அந்த உற்சாகத்தைப் பார்த்துத்தான் கிழித்தேன்.

யசோ அக்காவின் கையைப் பிடித்து, "எனக்குத்தான் உங்க மேல பொறாம. வீடு, அம்மா, நிம்மதி..." என்று அழுகிறாள். பொறாமைப்படுகிற எல்லோரும் கேட்க ஆசைப்படும் பொய் இது. உங்களுக்கும் பிடித்திருக்கும். தரமாட்டேன்.

7

கல்யாணம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சுதர்சினி மணவறையில் இருக்கிறாள். முன் வரிசையில் ஒரு இடம் காலி. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவளுக்குக் குங்குமம் வைத்த கையோடு, "யசோ வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். சுதேஷ் மட்டும் இன்னும் கேட்கவில்லை. அவன் தாலியைக் கையில் எடுத்துவிட்டான்.

கெட்டிமேளம்.

வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. யசோவாக இருக்கலாம். ஐஸ்கிரீம் பெட்டி கொண்டுவந்த ஆளாகவும் இருக்கலாம். சுதேஷின் தலை மெல்ல

இல்லை, அவன் தலையை நான் திருப்பப்போவதில்லை. நேராக வைக்கவும் மாட்டேன். எந்தப் பக்கம் எழுதினாலும் அதில் என் கை இருக்கும். இந்தக் கதை முழுவதும் என் கை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்தீர்கள்தானே.

மண்டபத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். சுதர்சினி குனிந்திருந்த தலையை நிமிர்த்திவிட்டாள். அவள் வாசலைப் பார்க்கவில்லை, சுதேஷையும் பார்க்கவில்லை. வரிசை வரிசையாக உங்கள் கண்களைப் பார்த்துக்கொண்டு வருகிறாள், அவை வாசலில் இருக்கின்றனவா, தன் மேலா என்று.

சீக்கிரம். மேளம் அதிக நேரம் அடிக்க மாட்டார்கள்.