சீமோனும் செலீனும் கட்சி மாறியது

கனடாவில் மார்க்கம் நகரப் பக்கத்து முதியோர் சங்கமொன்றின் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு வைத்தவர் அதன் தலைவர் தில்லையம்பலம். ‘உலகப்போருக்குப் பின் அமெரிக்க மக்களை வாழவைத்தது அரசின் உதவியா, அவரவர் முயற்சியா?’ சீட்டுக் குலுக்கியதில் சீமோனுக்கு அவரவர் முயற்சி விழுந்தது. அவர் மனைவி செலீனுக்கு அரசின் உதவி.

ஓய்வுபெற்ற நாளிலிருந்து வாய்க்கு வேலையில்லாமல் இருந்த சீமோன், ஸ்ரௌவ்வில் ஊரிலிருந்த தங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று ஒத்திகை பார்த்தார். “அரசாங்கம் எல்லாத்தையும் செய்து குடுத்தா சனம் சோம்பேறியாப் போகும்! வரியைக் குறை, கையை எடு, சனம் தானா எழும்பும்!” தொண்டை வறண்டுவிட்டது. “இஞ்சேரும் செலீன், ஒரு தேத்தண்ணி தாருமன்.”

“நான் கையை எடுத்திட்டன்,” என்றார் செலீன். “நீங்கள் தானா எழும்புங்கோ.”

விளையாட்டென்று நினைத்தார். அது மூன்று நாள் நீடித்தது. முதல் நாள் அரிசியும் தண்ணீரும் போட்டுவிட்டு, குக்கரின் பொத்தானை அமத்த மறந்து, ஒரு மணி நேரம் அதன் முன்னால் மரியாதையாகக் காத்திருந்தார். மறுநாள் வெள்ளைச் சேர்ட்டை வீட்டில் உடுக்கும் சிவப்புச் சாரத்தோடு தோய்த்தெடுத்தார். மூன்றாம் நாள் வெறும் பாண் துண்டுகள்தான் சாப்பாடு. செலீனோ நீச்சல் வகுப்பில் சேர்ந்து, ஈரத் தலையோடு ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி வீட்டுக்கு வந்தார்.

ஞாயிறு பின்னேரம், ரோசா நிறமாகிவிட்ட சேர்ட்டோடு சீமோன் மேடையேறினார். தாளைப் பார்த்தார். வயிறு வேறொன்று சொன்னது.

“சண்டையால திரும்பின பெடியளை அரசாங்கம் படிப்பிக்காட்டி என்ன செய்திருப்பாங்கள்? வயசுபோனவைக்கு மருத்துவ உதவி, கறுப்பின மக்களுக்குச் சம உரிமைச் சட்டம், உதெல்லாம் தானா வந்ததோ? கவனிக்க ஆளில்லாட்டி மனுசன் பட்டினி கிடந்து சாவான்!”

“அண்ணை, நீங்கள் எங்கட பக்கம்!” என்று அவருடைய அணியிலிருந்த றெபேக்கா அவரைப் பிடித்து இழுத்தார்.

அடுத்து செலீன் எழுந்தார். “அவர் சொல்லுறதை நம்பாதேங்கோ. அவரவர் வேலையை அவரவர்தான் செய்யவேணும். மூண்டு நாளா நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை. முப்பத்தெட்டு வருசத்தில இப்பிடிச் சந்தோசமா இருந்ததில்லை!”

மண்டபத்திலிருந்த பெண்களெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நடுவராயிருந்த தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். “ரெண்டு அணியும் தங்களைத் தாங்களே தோற்கடிச்சுப்போட்டுது. வடை ஆறுது, வாங்கோ சாப்பிடுவம்.”

சீமோன் நாலாவது வடையோடு மனைவி பக்கத்தில் வந்து நின்றார்.

“உம்மட பேச்சு நல்லாயிருந்தது.”

“உங்கடதும்தான்.”

“நாளைக்கு என்ன சமைப்பம்?” என்று மெல்லக் கேட்டார்.

‘சமைப்பம்’ என்றதைச் செலீன் கவனிக்காமலில்லை. “கத்தரிக்காய் வெட்டத் தெரியுமோ?”

“பழகிறன்,” என்றார் சீமோன்.