பனியில் விழுந்த பந்து

ரெஃப்ரி ஓடக் கூடாது என்பது என் கட்சி. ஓடுவதற்குத்தான் பத்துப் பையன்கள் இருக்கிறார்களே! விசில் ஊதுகிறவனும் நாக்குத் தள்ள ஓடினால் எவன் மதிப்பான்? நடுக்கோட்டில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும். திருத்தணி கூடைப்பந்து கிளப்பில் இப்படித்தான் ஐந்தாறு வருஷம் ஊதினேன். கூலி ஒரு டீ, ஒரு வடை. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் “வேற கலர் காட்டுங்க” என்பவர்களுக்குத் தலையாட்டும் இளங்கோவனின் பேச்சு எடுபடுகிற ஒரே இடம் அது. அதற்காக உயிரையே விடுவேன்.

எழுபத்து நாலு மார்கழியில் அதற்கும் வந்தது ஆபத்து. நின்ற இடத்திலிருந்தே எப்படிப் பார்த்தாய் என்று ஒரு மேட்சில் ஊரே என்னைப் பிடித்துக்கொண்டது. கிளப் செயலாளர் வேதாசலம் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தகராறு என்றால் விசிலைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு காலை எங்கள் ஊருக்கும் மணவூருக்கும் இறுதி ஆட்டம். என்னோடு ஊதியவர் ஷரீப், லாரி மெக்கானிக். பந்து போகிற இடமெல்லாம் போகிற மனிதர்.

பாதி ஆட்டத்தில் மலையிலிருந்து பனி இறங்கியது. முதலில் எதிர்ப்பக்கத்துப் போர்டு போயிற்று. பிறகு ஜனங்கள் போனார்கள், குரல்கள் மட்டும் மிச்சம். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை வரும், பந்தைத் தட்டும், மறுபடி கரைந்துவிடும். மேலே எங்கோ கோயில் மணி அடித்தது. அது மலையிலிருந்து வருகிறதா, என் காதுக்குள்ளேயே அடிக்கிறதா என்று தெரியவில்லை.

ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்றேன். நிறுத்தினால் அப்போது முன்னால் இருந்த எங்கள் ஊருக்கே கோப்பை. ஷரீப் மூச்சு வாங்கிக்கொண்டே என் பக்கத்தில் வந்தார்.

“ரயில் புடிச்சு வந்த பசங்க நைனா. கிட்ட போனா தெரியுது. போய்ப் பாரு.”

எனக்குச் சுருக்கென்றது. சரி, இவருக்காகவாவது என்று ஓடினேன். ஓட ஓட பனி விலகிக் கொடுத்தது. என்னோடு ஒரு சின்ன வெளிச்சமான அறை கூடவே வந்தது, அதற்குள் பந்தும் நாலைந்து பையன்களும் நானும் மட்டும். தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி, ஆனால் எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது. அடடா, இத்தனை நாள் நான் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்!

கடைசியில் மணவூர் ஒரே ஒரு புள்ளி பின்னால். அவர்கள் பையன் ஒருவன் எம்பி எறிந்தான். நான் ரிங்குக்கு நேர் கீழே. மழையில் மக்கிப்போன வலையைக் கழற்றி எறிந்திருந்தார்கள், அதனால் சத்தமே இல்லை. பந்து வளையத்தின் நடுவாக வந்து என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அதன் பிறகுதான் நேரம் முடிந்த மணி கேட்டது. இரண்டு புள்ளி என்று இரண்டு விரலைக் காட்டினேன். பனியில் அதை யார் பார்த்தார்கள்? “கூடை, கூடை” என்று கத்தினேன்.

ஊரே உள்ளே பாய்ந்து என்னைச் சூழ்ந்துகொண்டது. பந்து வெளியேதான் விழுந்தது, இந்த ஆள் வழக்கம்போல நடுவில் நின்று அளக்கிறான் என்று கூச்சல். ஷரீப் மறுகோடியில் இருந்ததால் அவருக்கும் தெரியவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். மூச்சு வரவில்லை. பேச்சுக்கே பஞ்சமில்லாத நான் ஓடிய ஓட்டத்தில் ஊமையாக நின்றேன். வேதாசலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். விசில் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வேதாசலம் எங்கள் கேப்டன் தங்கவேலிடம், பந்து விழுந்ததா என்று கேட்டார். இருபது வயசு, வெறுங்காலோடு ஆடுகிறவன். கோப்பையைத் தூக்க வேண்டியவன்.

“பந்த நான் பாக்கலங்க. வலி தாங்காம குனிஞ்சுட்டேன்” என்றான். “ஆனா அண்ணன் ரிங்குக்குக் கீழதான் கீறாரு. அவன் எம்புனப்பலேருந்து என் கால மிதிச்சுகினே கீறாரு.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு மெதுவாக என் காலை எடுத்தேன்.