அங்காளம்மாளும் கோக்கோவும்

கோக்கோவை ஆசைப்பட்டு வாங்கியவள் சத்யப்ரியா. வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனபோது அவளால் அதைக் கூட்டிப்போக முடியவில்லை. முப்பத்திரண்டு கிலோ லேப்ரடார், சிட்லபாக்கத்தில் தனியாக இருந்த அப்பா ஹேமநாத்தின் தலையில் விழுந்தது. காலை ஏழரைக்குக் கிளம்பிக் கிண்டிக்கு ரயிலேறினால் திரும்ப இரவு எட்டாகிவிடும் அவருக்கு. நாய் நாள் முழுக்கப் போர்டிகோவில் கட்டிப்போட்டபடி கிடக்கும். வந்ததும் சோறு வைப்பார். அதற்கு மேல் உடம்பில் தெம்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டைத் திறந்த நேரம், கோக்கோ சங்கிலியை உருவிக்கொண்டு தெருவில் பாய்ந்தது. மீன் கூடையோடு வந்த அங்காளம்மாள் மேல் முன்னங்கால்களைத் தூக்கிப் போட்டது. கடிக்கவில்லை, விளையாட்டுத்தான். ஆனால் அவள் மல்லாந்து விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. சங்கரா மீனெல்லாம் தெருவில் சிதறிக் கிடந்தன.

"ஒண்ணும் பண்ணாதும்மா, ஒண்ணும் பண்ணாது" என்று கத்திக்கொண்டே ஓடினார் ஹேமநாத். அதற்குள் பண்ணிவிட்டிருந்தது.

அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாவுக்கட்டு போட்டு, கோவளத்தில் அவள் வீடு வரை கொண்டுபோய் விட்டார்.

"யாருக்காவது குடுத்துடுங்கப்பா" என்றாள் மகள் போனில். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கால்நடை டாக்டர் நாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது மேல தப்பில்ல சார். நீங்க நடத்திக் கூட்டிட்டுப் போறதும் இல்ல, பழக்கவும் இல்ல" என்றார்.

அதன்பின் ஐந்து மணிக்கே எழுந்தார். ஏரிக்கரையில் ஒரு சுற்று. பிறகு வாசலில் நின்று, "உட்கார், நில், உட்கார்." ஒரு மாதம் போயிற்று. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. ரயிலில் நின்றபடியே தூங்கினார். கோக்கோ அவர் சொன்னால் உட்கார்ந்தது. ஆனால் கூடையோ பையோ தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் பழையபடி திமிறியது.

அங்காளம்மாளைப் பார்க்கப் போனபோது அதைச் சொல்லிவிட்டார். கட்டுப் பிரித்த கையைத் தேய்த்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கூடையப் பாத்தாதான பாயுது? அப்ப கூடை இல்லாம இன்னாத்த சார் பழக்குவே?"

"உன்னை எப்படிம்மா கூப்பிடறது?"

"எனக்குந்தான் அந்தத் தெருவுல நடக்கணும். பயந்துகினு எத்தினி நாளு குந்திகினு கீறது?"

மறுநாள் காலை காலிக் கூடையோடு வந்தாள். கோக்கோ இழுத்த இழுப்பில் ஹேமநாத் சுவரில் மோதினார். அங்காளம்மாள் பின்னால் நகர்ந்து அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் போகவில்லை. திரும்பத் திரும்பத் தெருக்கோடிக்குப் போய் வந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், ஏழாவது தடவை அவள் கேட்டைத் தாண்டும்போது, "உட்கார்" என்றார். கோக்கோ அவளைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, முனகியபடி உட்கார்ந்தது.

"குந்திச்சு சார்!" என்றாள். "சங்கிலிய மட்டும் வுட்றாத."

"விடமாட்டேம்மா."

"நாளைக்கு மீனோட வரேன். அப்பப் பாக்கலாம், உன் நாயோட சமத்த."

அவள் தெருவின் எதிர்ப் பக்கமாகவே நடந்து போனாள். ஹேமநாத் கேட்டில் சாய்ந்து நின்றார். மணி ஏழே கால். இன்னும் குளிக்கவில்லை.